பக்கத்தில் உட்காரும் வேலை

திருக்காட்டுப்பள்ளி
10-8-1970

தம்பி தியாகுவுக்கு அக்கா தையல்நாயகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே மாடு கன்று எல்லாம் சுகம். கனடாப் பனியில் நீ உறைந்து போகாமல் இருந்தால் அதுவும் சுகம்.

உன் அத்தான்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. தை அறுப்பில், கூலிச் சண்டையில், கூட உழுகிற வீரையனைப் பண்ணை ஆட்கள் வெட்டினார்கள். அவன் இவர் மடியில்தான் உயிரை விட்டான். அதிலிருந்து பேச்சே இல்லை. சாப்பிடுகிறார், மடை திறக்கிறார், வருகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுகிறேன், அதில் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் குத்தகைக்காரர்கள் பேரைப் பதிய அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. ஐப்பசியில் தாசில்தார் விசாரணை. உழுகிறவரே நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். "ஊமைக்கு எதுக்கும்மா குத்தகை?" என்று பண்ணைக் காரியக்காரர் சாமிதுரை சிரிக்கிறார். நிலத்தை விட மாட்டேன்.

பூட்டிய மனசைத் திறக்கிற மருந்து உங்கள் மனநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முன்பு எழுதினாயே, அதில் கொஞ்சம் அனுப்பு. மீசை வைத்த நர்சு என்று இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

இப்படிக்கு
தையல்நாயகி


கனடா
30-8-1970

அன்புள்ள அக்காவுக்குத் தியாகு வணக்கம்.

அந்த மருந்தின் பேர் எல்.எஸ்.டி. அனுப்ப மாட்டேன். ரை என்று இங்கே ஒரு தானியம். அதன் கதிரில் கருப்பாகப் பூசணம் பிடிக்கும். அதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. நாங்கள் குடிகாரர்களுக்குக் கொடுத்தோம். சுவர் மூச்சு விடுவது போலத் தெரியும், பாட்டு நிறமாகத் தெரியும். சிலர் அழுது தீர்த்துக் குடியை விட்டார்கள். சிலர் பயந்துபோய் வெகுநாள் மீளவில்லை. டாக்டர்களே முதலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார்கள். பிறகு தெருவில் விற்க ஆரம்பித்ததும் அரசாங்கம் தடுத்துவிட்டது. ஆராய்ச்சியும் நின்றுபோயிற்று.

மருந்து கொடுத்த அன்று பொழுதுக்கும் நோயாளி பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகக் கூடாது, பேச்சும் கொடுக்கக் கூடாது. அதுதான் என் வேலை. பாதிக் குணம் அதனால்தானோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். நீ அதைச் செய்து பார். பேசாமல் இருப்பது உனக்குக் கஷ்டம், தெரியும்.

தியாகு


திருக்காட்டுப்பள்ளி
25-9-1970

தம்பிக்கு,

முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வயிறு உப்பியதுதான் மிச்சம். அப்போதுதான் குறுவைக் கதிரில் நெற்பழத்தைக் கண்டேன். பச்சையும் கருப்புமாக உருண்டை உருண்டையாக வருமே, மகாலட்சுமி வந்துவிட்டாள், விளைச்சல் கூடும் என்று சந்தோஷப்படுவோமே, அந்தப் பூசணம்தான். உங்கள் ஊர்க் கதிருக்கு இருக்கிற குணம் நம் கதிருக்கு இருக்காதா? ஒரு கை பறித்துப் பாலில் காய்ச்சினேன். உங்கள் டாக்டர் மாதிரி நான்தான் முதலில் குடித்தேன்.

சுவர் மூச்சு விடவில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்கியது. வாந்தி, பேதி. கொல்லையில் சுருண்டு விழுந்தேன். உன் அத்தான் ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். வீரையன் தலை இருந்த மடி. வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "யாராச்சும் வண்டி கட்டுங்கடா, இவளும் போயிடப் போறா."

பக்கத்து வீட்டு ரெத்தினம் வண்டி கட்டினான். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. வீரையனைப் பற்றி அழுது அழுது சொன்னார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பேசத் தெம்பில்லை என்பது வேறு விஷயம்.

தையல்நாயகி


கனடா
13-10-1970

அக்காவுக்கு,

முழுக்கப் படித்தேன். திட்டக்கூட வரவில்லை. இனி எந்தப் பூசணத்தையும் தொட மாட்டேன் என்று எழுதி அனுப்பு. ஒரு தடவை கத்தியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. தாலுகா கச்சேரியில் தாசில்தார் முன்னால் மறுபடி வாய் அடைத்துப் போகலாம். அப்போது அத்தானுக்காக நீ பேசிவிடாதே. காத்திரு.

தியாகு


திருக்காட்டுப்பள்ளி
5-11-1970

தம்பிக்கு,

தொட மாட்டேன். போதுமா?

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. சாமிதுரையைப் பார்த்ததும் உன் அத்தானுக்கு வாய் அடைத்துவிட்டது. தாசில்தார் பேர் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லும்மா" என்றார்.

"புருஷன் பேரை நான் சொல்றதில்லீங்க. அவரே சொல்லுவாரு" என்று அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமிதுரை சிரித்தார். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். சாமிதுரைக்குக் கொடுக்க என்னிடம் எத்தனை பதில் இருந்தது தெரியுமா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வேலை லேசில்லைடா.

அவர் கை என் தோளைத் தொட்டது. பேர் சொன்னார், அப்பா பேர் சொன்னார், சர்வே நம்பர் சொன்னார். அதோடு நிற்காமல், "கூட உழுதவன் வீரையன். அவன் பேரையும் எழுதிக்குங்க" என்றார். அதற்குச் சட்டத்தில் இடமில்லையாம். ஆனாலும் தாசில்தார் பேனாவை வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

அங்கே என்ன பேர் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். இன்றைக்குக் கையெழுத்தும் நான் போடவில்லை, அவர்தான்.

காயாரோகணம்