அட்டை விமானத்தில் கணக்கு சார்

ஏப்ரல் 6, திங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் அரண்மனைச் சைக்கிளின் பின் டயர் இன்று காலை ஆணி குத்தி வீரமரணம் எய்தியது. ஆகவே மன்னர் நடந்தே நூலகத்துக்கு எழுந்தருளினார்.

லீவு முழுக்க அங்கேதான் வேலை. "புண்ணியமாப் போகும், இவனை வெச்சுக்கோ, வீட்டுல கொஞ்சம் காத்து வரட்டும்" என்று அம்மா தன் சிநேகிதியான நூலக மேடத்திடம் என்னைத் தள்ளிவிட்டிருக்கிறாள். மரபுப் பிரிவுக்குப் புதுச் சரக்கு வந்திருக்கிறது. கடையை மூடிய போட்டோ ஸ்டுடியோக்காரர், எடுத்துக்கொண்டவர்கள் திரும்ப வாங்க வராத பழைய படங்களை மூன்று பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டார். யார் யாரென்று ஒன்றிலும் எழுதவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே அட்டை விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை பேர் ஏறியும் ஓர் அடிகூட நகராத விமானம் உலகிலேயே இதுதான்.

ஏப்ரல் 8, புதன்

படங்களைப் பலகையில் குத்தியாயிற்று. பக்கத்தில் ஒரு பெட்டி. ஆளைத் தெரிந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போடலாம்.

"ரெண்டு பேர் தனித்தனியா ஒரே ஆளைச் சொன்னா உறுதி. பதிவுல ஏத்திடுவேன்" என்றார் மேடம்.

இரண்டு பேர் போதுமா? மேடம், நான் ஒருவனே ஒன்பது பேர்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு குழந்தை. கவுன் போட்டு, மூக்கு ஒழுக, உலகத்தையே திட்டுகிற முகம். அப்படியே எங்கள் கணக்கு சார்! எல்லாருக்கும் கூட்டல் சொல்லித்தருவார். என்னை மட்டும் கழித்து வராந்தாவில் வைப்பார்.

வலது கையால் ஒரு சீட்டு. எழுதியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். 'இப்போது பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்போது இவனைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தெருத்தெருவாகக் கடிதம் கொடுப்பேன். இப்போது சர்க்கரை நோய், அலைய முடியவில்லை.' இடது கையால் இன்னொன்று. எழுதியவர் தையற்காரம்மா. 'நம்ம கணக்கு வாத்தியார்தான். கவுன் நான் தைத்தது. போடமாட்டேன் என்று என் கையைக் கடித்தான்.'

ஒரே மத்தியானத்தில் இரண்டு மனிதர்களைப் படைத்துவிட்டேன். பிரம்மன் லீவு எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 13, திங்கள்

ஏறிவிட்டது! படத்துக்குக் கீழே அச்சடித்த அட்டை: 'குழந்தைப் பருவத்தில் நம் கணக்கு ஆசிரியர்.' தவளை வந்து பார்த்தான். (என் நண்பன். குரல் அப்படி.) தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சார் பாத்தா நீ காலிடா."

"பாக்கணும்னுதானேடா இவ்வளவும்!"

ஏப்ரல் 15, புதன்

சார் வந்தார். நான் அலமாரிக்குப் பின்னால், சிரிப்பு வெளியே வராமல் வாயில் கைக்குட்டையோடு.

கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நான்தானான்னு எனக்கே தெரியாது மேடம். அநாதை விடுதியில வளர்ந்தவன். அதுக்கு முன்னாடி என்னைத் தெரிஞ்சவங்க யாருமே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ரெண்டு பேர் எழுதியிருக்காங்களே சார்."

சீட்டுகளை வாங்கிப் படித்தார். தபால்காரருடையதை மட்டும் இன்னொரு முறை.

"தோள்ல தூக்கிட்டுப் போனாராம்" என்றார், மேடம் படிக்காததுபோல. "யாரு இவங்க? எங்க இருக்காங்க?"

கைக்குட்டை தேவைப்படவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதாம். கிடைக்கிறது. அம்மா தட்டு நிறையப் போட்டாள். இறங்கத்தான் இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

நூலக வாசலில் சாரின் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு. சீட்டு எழுதிய இரு பெரியவர்களும் ஞாயிறு மாலை தேநீருக்கு வீட்டுக்கு வரவேண்டுமாம். நடக்க முடியாவிட்டால் சொல்லியனுப்பலாம், வண்டி கொண்டு வருவாராம். கீழே வழி காட்டும் படம். ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார்.

"யாரும் வரலைன்னா விட்டுடுவாருடா" என்கிறான் தவளை.

விடுவாரா? விடை வராத கணக்கை, மணி அடித்த பிறகும் விடாத மனுஷன்!

ஏப்ரல் 26, ஞாயிறு

நேராகப் போய், நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. கதவு திறந்ததும் என் வாயில் வந்தது இது: "சார், அந்தத் தபால்காரரோட பேரன் நான். தாத்தாவுக்கு உடம்பு முடியலை."

"உன் தாத்தாவாடா? உன்னையா நான் வெளிய நிக்க வெச்சேன்! வா, உள்ள வா."

சார் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேஜையில் மூன்று கோப்பை. ஒன்று மட்டும் தட்டு போட்டு மூடித் தனியாக.

"அது தாத்தாவுக்குன்னு எடுத்து வெச்சேன். சர்க்கரை போடலை."

சர்க்கரை நோய், அதனால் அலைய முடியவில்லை என்று சீட்டில் அளந்துவிட்டவன் நான்தான்.

"சொல்லு, என்னைப் பத்தி என்னடா சொல்வாரு?"

வாயைத் திறந்தேன். ஒரு பொய்கூட வரவில்லை. எனக்கா!

"தாத்தா இல்ல சார். தையற்காரம்மாவும் இல்ல. ரெண்டு பேரும் நான்தான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடித்திருக்கலாம். பிறகு வந்து, தட்டை எடுத்துவிட்டு, இரண்டு கோப்பைகளை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு பேர்தானே? ரெண்டையும் குடி."

குடித்தேன்.

"நாளைக்கு மேடத்துகிட்ட நீயே சொல்லு. பேர் தெரியலைன்னு அட்டையை மாத்தட்டும்."

"சரி சார்."

வாசல்வரை வந்தார். "கையைக் கடிச்சேன்னு எழுதியிருந்தியே…"

"சார்?"

"நல்லா இருந்துதுடா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த நோட்டில் நான் அழுததாக இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அந்தத் தெருமுனையிலிருந்து எங்கள் வீடுவரை அழுதுகொண்டே வந்தேன். தவளைக்குத் தெரியவேண்டாம்.