எண்பது வயதான ஒரு காலை

பிள்ளைப்பாக்கம்
9-6-1986

அன்புள்ள புஷ்பத்துக்கு,

தேவகிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து வந்தால் கஞ்சி பாதி நைனா மடியில், பாதி பாயில். பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புகிறார். நேற்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்கட்டுக் குழாய்க்குப் போய்வர அரை மணி. கண் ஆபரேஷன் செய்தும் இப்படியா? நான் சத்தம் போட்டால் சுவரைப் பார்க்கிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

உன் நர்ஸ் படிப்பில் இன்னும் மூன்று மாதம் பாக்கி என்பது தெரியும். என்னால் முடியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் நீ வந்துவிடு. இல்லையென்றால் அவரை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவேன். ஃபோர்மேன் பரசுராமன் ஓர் இடம் சொல்லியிருக்கிறார்.

கோபமாக எழுதிவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

சாலமோன்


பயிற்சி விடுதி, அரக்கோணம்
16-6-1986

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுப் பெட்டியைக்கூடக் கட்ட ஆரம்பித்தேன். மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லாமல் புறப்பட மனம் வரவில்லை.

கிரேசி சிஸ்டர் எங்களை உட்காரவைத்து, வாசலின் தடவிய கண்ணாடியை மாட்டினார். காதில் பஞ்சு. விரல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிளாஸ்திரி. முழங்கால் மடங்காதபடி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டு. கணுக்காலில் மணல் பை. செருப்புக்குள் காய்ந்த பட்டாணி. "மத்தியானம் வரைக்கும் உங்களுக்கு எம்பது வயசு" என்றார். நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு ஐந்து நிமிடம் இருந்தது. வராந்தாவில் நான்கு படி. எனக்கு ஒரே சரிவாகத் தெரிந்தது. சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன். ஒரு பொத்தானைப் போடுவதற்குள் பரமண்டல ஜெபத்தை மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டேன். குடிக்கக் கொடுத்த கஞ்சி கொட்டியதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் மூடினேன். என்னைக் கவனிக்க விட்டிருந்த, கூடப் படிக்கும் கோவிந்தம்மா தோளைப் பிடித்து உலுக்கி, "எத்தினி வாட்டி கூப்புடறது? காதுல வுழல?" என்றாள். அவள் மேல் கோபம் வரவில்லை. மாமாவிடம் நான் பேசும் குரலே அதுதான்.

மத்தியானம் எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஒரு நொடியில் முப்பத்திரண்டு வயது திரும்பி வந்தது. வேப்பமரத்தில் இலை இலையாக வெளிச்சம். அப்படியே நின்றுவிட்டேன். மாமாவுக்கு இதைக் கழற்ற முடியாது அத்தான். அதையெல்லாம் சுமந்துகொண்டுதான் தினமும் எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டி, நமக்காக ஜெபம் செய்கிறார். நாம் அதைத் தொந்தரவு என்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் இப்படி இருந்து பாருங்கள். அதன் பிறகும் வா என்று எழுதினால், மறு வார்த்தை பேசாமல் வந்துவிடுகிறேன்.

உங்கள்
அன்னபுஷ்பம்


பிள்ளைப்பாக்கம்
22-6-1986

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து, இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் இன்றைக்குச் செய்து பார்த்தேன்.

கம்பெனிக் கண்ணாடியில் கிரீஸ், காதில் பஞ்சு, விரல்களில் டேப், ஷூவுக்குள் இரும்பு நட்டு. அறையிலிருந்து பின்கட்டுக் குழாய்வரை போய் முகம் கழுவி வர வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் சுவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டது. நான் பிறந்த வீட்டில், புஷ்பம். அப்படியே தரையில் உட்கார்ந்து கையால் துழாவினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"யாரு, சாலமோனா? இன்னாடா ஆச்சி? கண்ணு தெரியலியா?"

"ஆமா நைனா" என்று கத்தினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார். "காலைத் தூக்காத. தேச்சிகினே வா" என்றார். வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். பதினொன்றில் நின்று, கால் கட்டைவிரலால் செங்கல் விளிம்பைத் தடவிப் பார்த்து இறங்கினார். இருபத்தாறில் திரும்பினார். அங்கே தரை சரிகிறதாம். எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றில் அவர் கை நீண்டது. குழாய் அந்த இடத்தில் இருந்தது. கடலில் தனியாகக் கட்டுமரம் விடுகிறவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாற்பத்தொரு அடியையும் தினமும் என் சத்தத்துக்கு நடுவில் எண்ணியிருக்கிறார்.

செம்பில் தண்ணீர் பிடித்து என் முகத்தைக் கழுவினார். பாதி என் லுங்கியில் கொட்டியது. "பயப்படாத. எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்திச்சி. பழகிடும்" என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்ல நைனா" என்றேன். அவர் நம்பவில்லை. என் இரண்டு கண்ணையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவே இல்லை.

நீ வர வேண்டாம். படித்து முடித்துவிட்டு வா. பரசுராமனிடம் கேட்டு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன். காலை வேளை முழுவதும் நைனாவோடு இருப்பேன். முதியோர் இல்லப் பேச்சை மறந்துவிடு.

சிஸ்டரிடம் ஒன்று கேட்டு எழுது. வயதானவர்களைக் குளிப்பாட்டும்போது எந்தப் பக்கம் நின்று பிடிக்க வேண்டும்? நைனாவுக்கு இடது தோளில் ஒரு வருஷமாக வலியாம், இன்றைக்குத்தான் சொன்னார். இவ்வளவு நாளும் நான் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சாலமோன்