இவர் குரல் இருந்த டிஸ்க்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூட்டம். சூலூர் விமானங்களின் சத்தம் மட்டும், மேகத்துக்குள் எங்கேயோ. நேற்று சாயங்காலம் இடி. கரண்ட் போய், வந்து, மறுபடியும் போனது. அதோடு கம்ப்யூட்டர் எழவில்லை. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். பல்லி மாதிரி.

அதில்தான் இவர் குரல். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். குரல்வளையை எடுத்துவிட்டால் பேச்சு வராது, வேண்டியதை இப்போதே பதிந்து வையுங்கள் என்றார் டாக்டர். ‘தண்ணி வேணும்.’ ‘கதவச் சாத்து.’ ‘மீனா, நல்லா இருக்கியா கண்ணு?’ பெங்களூரிலிருந்து வரும்போது எல்லாவற்றையும் போனில் ஏற்றித் தருவதாக மகள் மீனா சொல்லியிருந்தாள். பொத்தானை அமுக்கினால் இவர் குரலிலேயே பேசுமாம். வேறு எங்கும் காப்பி இல்லை. யாருக்கும் தோன்றவில்லை.

இவரிடம் சொன்னேன். சிலேட்டில் எழுதினார்: ‘போனாப் போகுது.’ பிறகு வெகுநேரம் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5, புதன்

தூறல். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரம் பஸ். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, கடைகள் எல்லாம் கரைந்து கரைந்து போயின. கண் சொக்கியது. மடியை மட்டும் விடவில்லை.

டேட்டா எடுக்கும் கடை. கடைக்காரர் டிஸ்க்கை ஒரே ஒருமுறை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார்.

“ஏனுங்கக்கா, இத மறுபடி மறுபடி ஆன் பண்ணுனீங்களா?”

“ரெண்டு மூணு வாட்டி பண்ணிப்போட்டேனுங்க.”

“இனி வேண்டாமுங்க. உள்ள படிக்கற முள்ளு தட்டுல உரசுது. உரசுன எடம் போனது போனதுதான். மிச்சத்தப் பாக்கலாம். என்னங்க இருக்குது, கல்யாண போட்டோவா?”

“எங்க ஊட்டுக்காரர் குரலுங்க.”

சட்டென்று முகம் மாறியது. “எப்பங்க தவறுனாரு?”

“ஐயோ! ஊட்லதான் இருக்காருங்க. இட்லி சாப்புட்டுப்போட்டு பேப்பர் படிக்கறாரு.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்குக் கண்ணில் நீரும்.

8, சனி

மாத்திரை வாங்கினது. துணி காயவில்லை.

மத்தியானம் தூக்கம். கனவில் இவர் கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பேசுகிறார். வாய் அசைகிறது. குமிழ் குமிழாக மேலே வந்து உடைகிறது. ஒவ்வொரு குமிழுக்கும் காதைக் கொடுக்கிறேன். ஒன்றுமில்லை.

எழுந்தபின் ஒரு பயம். இத்தனை வருஷம் கேட்ட குரல். நினைத்துப் பார்த்தால் வார்த்தைகள் வருகின்றன, குரல் வரவில்லை.

15, சனி

வெயில், கடைசியில். மீனா வரும் வழியிலேயே கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டாள். கிடைத்தது பாதிதானாம். பேரெல்லாம் அழிந்து வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். ‘தண்ணி’ வரை வந்து கரகரவென்று போகிறது. சிலதில் வெறும் இரைச்சல். ‘மீனா, நல்லா...’ அவ்வளவுதான். மீனா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். மிச்ச நம்பர்களைத் திறக்கவில்லை.

இவர் கிட்டவே வரவில்லை. வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிறைந்த தொட்டிக்கே மறுபடியும்.

ராத்திரி, வந்த வரைக்கும் இவர் போனில் ஏற்றினாள் மீனா. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

16, ஞாயிறு

சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி சத்தத்துக்கு மேலே, முதுகுக்குப் பின்னால்:

“அம்மணி, அந்த மிக்சிய நிறுத்து. இங்க பேசிட்டிருக்கறனல்ல!”

நிறுத்தினேன். “நிறுத்திட்டேனுங்க, பேசுங்க” என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. பதிவு செய்த வாரத்தில் ஒருநாள், மைக்கை அணைக்க மறந்து என்னைத் திட்டியிருக்கிறார். அது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வந்திருக்கிறது.

திரும்பினேன். சமையலறை வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி இவர். சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

“இன்னொருக்கா போடுங்க” என்றேன்.