மே ஐ கம் இன்?

ஜூன் 4

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன் தங்கையிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? நீ போன அன்று டீ எங்கே என்று பார்த்தால், வகுப்பறை வாசலில் தரையில் இருக்கிறது. ஒரு மாணவன் இடறி, அவன் செருப்பெல்லாம் டீ. வகுப்பே சிரித்தது. நான் அன்று நடத்திக்கொண்டிருந்ததோ, ஆங்கிலத்தில் அனுமதி கேட்பது எப்படி என்ற முதல் பாடம்! வீட்டின் முன்னறையில் வகுப்பு வைத்திருப்பவன் வீட்டிலேயே ஒழுங்கு இல்லாவிட்டால் எவன் பிள்ளையை அனுப்புவான்? அதற்காகத்தானே உன்னையும் வாசலில் நின்று "மே ஐ கம் இன்?" என்று கேட்கப் பழக்கினேன். நீயும் நன்றாகத்தான் சொல்லி வந்தாய். உச்சரிப்பைப் பலமுறை பாராட்டியிருக்கிறேன்.

கோபம் தணியும்வரை, நீ வேலைக்குச் சேர்ந்திருப்பதாக உன் தங்கை சொன்ன அந்தத் தையல் கடையில் இருந்துகொள். அனுமதிக்கிறேன். மாத முடிவுக்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்

*

ஜூன் 11

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். நிஜமாகவே நலம். "அனுமதிக்கிறேன்" என்று எழுதியிருந்ததைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மெஷின்காரி பயந்துபோய்த் தைப்பதை நிறுத்திவிட்டாள்.

இங்கே முதல் நாள் நடந்த கூத்தைக் கேளுங்கள். முதலாளியம்மா துணி வெட்டும் அறையில் இருந்தார். நான் வாசலில் நின்று, பழக்கதோஷத்தில், "மே ஐ கம் இன்?" என்றேன். அவர் கத்தரிக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா அது, வாசல்ல நின்னு பாட்டுப் பாடறது? தலைக்கு மேல வேலை கிடக்கு, உள்ள வா" என்றார். அன்றிலிருந்து எனக்கு இங்கே 'மே ஐ அக்கா' என்று பெயர். "மே ஐ அக்கா, வெள்ளை நூல் இருக்கா?" என்று கேட்கும்போதே பாதி அறைக்குள் வந்துவிடுகிறார்கள். யாரும் யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. அதனால் கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

நான் திரும்பி வரப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா எனக்குக் கொடுத்த தையல் மெஷின். உங்கள் வகுப்பறை மூலையில் துணி போர்த்தி, மேலே டெலிபோனை வைத்திருக்கிறீர்களே, அதுதான். இங்கே இரவல் மெஷினில் தைக்கிறேன். அதற்குச் சொந்தக்காரி பிரசவம் முடிந்து வந்துவிட்டால் நான் எழுந்துகொள்ள வேண்டியதுதான். சொந்த மெஷின் இருந்தால்தான் எனக்கு இங்கே இடம், இங்கே இடம் இருந்தால்தான் சோறு. வண்டிக்காரரிடம் ஏற்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி

*

ஜூன் 19

அன்புள்ள மனைவிக்கு,

தையல்காரியாம்! நன்றாக இருக்கிறது.

மெஷின் என் அறையில் இருக்கிறது. என் அறையில் இருப்பதற்கு நான்தான் பொறுப்பு. வண்டிக்காரனிடமெல்லாம் தூக்கிக் கொடுக்க முடியாது. நேரில் வா. வாசலில் நின்று முறைப்படி கேள். "யெஸ், கம் இன்" என்று சொல்லத்தான் போகிறேன். எடுத்துக்கொண்டு போ. நாலே வார்த்தை, நாக்கு தேய்ந்துவிடாது. இத்தனை வருஷம் சொன்னவளுக்கு இன்னொரு தரம் சொல்ல என்ன கேடு?

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது?

*

ஜூன் 27

அன்புள்ள வாத்தியாருக்கு,

சர்க்கரை மேல்தட்டில், பெரிய டப்பாவுக்குப் பின்னால்.

கேட்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாளே, அந்த மழை நாள். தங்கை கூப்பிடுவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். உனக்கெதற்குத் தனியாகக் கைபேசி, வீட்டில்தான் டெலிபோன் இருக்கிறதே என்றவர் நீங்கள். அந்த டெலிபோன் உங்கள் வகுப்பறையில் அடித்தது. ஓடி வந்து வாசலில் நின்று கேட்டேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே "வெயிட்" என்றீர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கேட்டேன். திரும்பாமலே கையை மட்டும் காட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மணி நின்றுவிட்டது.

அம்மா கண்விழித்து என்னைக் கேட்டாளாம். தங்கை ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உங்கள் வகுப்பு முடிந்து நான் கூப்பிட்டபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அப்புறம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகும் அதே வாசலில் டீக் கோப்பையோடு நின்று அனுமதி கேட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒருநாள் அந்த டீயைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மெஷினை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி

*

ஜூலை 6

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வகுப்புக்கு விடுமுறை விட்டேன்.

அன்று டெலிபோனில் கூப்பிட்டது வகுப்பில் சேர விசாரிக்கிறவர்கள் யாரோ என்று நினைத்தேன். உன் அம்மா என்று தெரிந்திருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேனா? அவ்வளவு அவசரம் என்றால் நீ உள்ளே ஓடி வந்து எடுத்திருக்கலாமே! உன் கையைப் பிடித்தா தடுத்திருப்பேன்?

வீடு வீடாக இல்லை. நேற்று டீயை நானே போட்டு எடுத்துக்கொண்டு வகுப்பறை வாசல்வரை வந்தவன், ஏனோ அங்கேயே நின்றுவிட்டேன். நீ சிரிப்பாய்.

மெஷினும் போய்விட்டால் நம் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமிருக்காது. அதனால்தான் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் வாசலில் நிற்பேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேனே தவிர, நான் யாரிடமும் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன். மே ஐ கம் இன்?

உன் கணவன்

*

ஜூலை 10

அன்புள்ள வாத்தியாருக்கு,

கேட்டுவிட்டீர்கள். படித்துவிட்டு அழுதேன், பொய் சொல்வானேன். பதிலுக்காக வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரிக்கும் வேண்டாம் அது. அதனால் உங்களைக் காக்க வைக்காமல் உடனே எழுதுகிறேன். உங்கள் பாடத்தில் அந்தக் கேள்விக்கு "யெஸ், கம் இன்" உண்டு, "வெயிட்" உண்டு. இன்னொரு பதிலை நீங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. என் பதில் அதுதான். நோ. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

ஆனால் ஒன்று சரியாகச் சொன்னீர்கள். நான் உள்ளே ஓடி வந்திருக்கலாம். கடிதம் வந்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசலில் கதவுகூட இல்லை, ஒரு திரைச்சீலைதான். நீங்கள் கையைப் பிடித்திருக்க மாட்டீர்கள். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி என்னைப் பழக்கி வைத்திருந்தீர்கள்.

திங்கட்கிழமை காலையில் நான் வருகிறேன். முதலாளியம்மாவும் வண்டிக்காரரும் கூட வருகிறார்கள். வகுப்பு நடந்துகொண்டிருந்தால் நடக்கட்டும். புதுப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது, அவர்களும் பார்க்கட்டும். திரையை விலக்கி நேராக உள்ளே வருவேன். டெலிபோனை எடுத்து உங்கள் மேசைமேல் வைப்பேன். போர்த்தியிருக்கும் துணியை மடித்துப் பக்கத்தில் வைப்பேன். என் அம்மாவின் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போவேன்.

நீங்கள் பதில் எதுவும் யோசித்து வைக்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
தையல்காரி