கொடுக்காமல் போன டோக்கன்

மாமா,

இன்று காலை ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது, பழைய மருந்துச் சீட்டுப் பையிலிருந்து ஆஸ்பத்திரி டோக்கன் ஒன்று விழுந்தது. எண் பதினைந்து. உங்கள் மகனுடையது. உங்களுடைய பதினான்கை நர்சிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். இது அப்படியே தங்கிவிட்டது.

கும்பகோணத்து டாக்டரிடம் அன்று போனதே இவருக்காகத்தான். இரண்டு வாரமாக நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் வந்ததும் நீங்களும் ஏறி உட்கார்ந்தீர்கள். தொண்ணூற்றாறு வயது, ஒரு மாத்திரை கிடையாது. ஆனாலும் முதல் டோக்கன் உங்களுக்கு.

"மனுஷன் எத்தனை வயசு வரைக்கும் இருக்கலாம்? அதுக்கு ஒரு எல்லை இருக்கா?" என்று டாக்டரைக் கேட்டீர்கள்.

"இருக்குன்னு சில பேர் சொல்றாங்க, இல்லைன்னு சில பேர் சொல்றாங்க. இன்னும் முடிவாகலீங்க ஐயா."

'இல்லை' மட்டும்தான் உங்கள் காதில் விழுந்தது. அதை வைத்தே அரைமணி நேரம் பேசினீர்கள். வெளியே வந்ததும், "பசிக்குது, கெளம்புடா" என்றீர்கள். உங்களை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத அறுபத்தெட்டு வயது மகன், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு உங்கள் செருப்பை எடுத்து வைத்தேன். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள், குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே விழுந்து போய்விட்டார்.

நீங்கள் அழுதீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. அழுது முடித்து, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்கள்: "அவன் அம்மா வழி உடம்பு. எங்க வழியில யாரும் இவ்வளவு சீக்கிரம் போனதில்லை." செத்துக் கிடந்த பிள்ளையைக் குற்றம் சொன்ன அந்த வாய்க்குத்தான் அதற்குப் பிறகு ஆறு வருஷம் கஞ்சி ஊற்றினேன்.

நூறு முடிந்தபோது ஊரே வந்து மாலை போட்டது. 'கொடுத்து வைத்தவர்' என்றது. எனக்கோ, அவரிடமிருந்து பிடுங்கிய வருஷங்களில் நீங்கள் வாழ்வதாகவே தோன்றியது. ஆயுள் அப்படிக் கைமாறாது என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம், நீங்கள் போவதற்குச் சில நாள் முன்னால், உங்கள் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என் மேல உனக்குக் கோவமாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா."

பொய் சொன்னேன். அதை நம்பி நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது. கோபம்தான் மாமா. இன்னும் அப்படியே இருக்கிறது.