வெற்றிலைக்கு முன் மூன்று தட்டு

மாப்பிள்ளை,

இன்று காலை சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜுக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவன் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தான். ஈர வெற்றிலையும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றை மடித்து, "அண்ணே, போடுங்க" என்று நீட்டினான். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாண்ணே, பல்லு போச்சா?"

"பல்லு இருக்குது. உன்ன மாதிரி மாடாட்டம் மென்னுனு இருக்கத்தான் நேரமில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவைக்கும் வேலையை நான் இன்னும் விடவில்லை, மாப்பிள்ளை. வெற்றிலையை மட்டும்தான் விட்டேன்.

எனக்கு எவ்வளவு எழுத்து வரும் என்பது உனக்குத் தெரியும். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைக்காலம் உட்கார்ந்ததோடு சரி. இதை எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் நீ வந்து திருத்தப்போவதில்லை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு வந்தோம். பூமிக்கடியில் ஒரே லெவலில் வேலை. நான் உளி பிடிப்பேன், நீ சம்மட்டி அடிப்பாய். என் தங்கையை உனக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, உன்னைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமையே வந்துவிட்டது. மச்சான் கேலி பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

வேட்டு வெடித்த இடத்தில் துளை போட உட்காருமுன், தலைக்கு மேலே உள்ள பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் உள்ளே விரிசல், நெம்பித் தள்ளிவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. எத்தனை அடி துளை போட்டோம் என்றுதான் மேஸ்திரி பார்ப்பான். எத்தனை தட்டுத் தட்டினோம் என்று எவன் கேட்டான்?

அப்படித் தட்டாமல் உட்கார்ந்த ஒருநாள், ஒரு கல் உன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அன்று வீட்டில் மூன்று மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் தங்கை அழவில்லை. நீதான் அழுதாய். இனிமேல் தட்டாமல் உட்காரமாட்டேன் என்று பிள்ளையின் தலையில் கைவைக்கப் போனாய். அவள் கையைத் தட்டிவிட்டாள். "உன் சத்தியத்த வெச்சினு நான் இன்னாய்யா பண்றது? தெனம் தட்டு. அது போதும்."

தினம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அப்புறம்தான் உனக்குத் தெரிந்தது. நாலு நாள் தட்டினாய், ஐந்தாம் நாள் மறந்தாய். விரலில் நூல் கட்டினாய். நூல் அழுக்காகி விரலோடு விரலாகப் போய்விட்டது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாய்; வேண்டிக்கொண்டதையே மறந்தாய். ஒருநாள் ஊரிகம் சந்தைக்கு நடந்து போகும்போது திடீரென்று நின்றாய்.

"மச்சான், நான் வெத்தலைய மறப்பனா?"

"பொண்டாட்டிய மறந்தாலும் மறப்ப. அத மறக்கமாட்ட."

"அப்போ அதோட வால்ல இத கட்டிட வேண்டியதுதான். தட்டாம வெத்தல கிடையாது."

அன்றிலிருந்து கூழ்க் கலயத்தை ஆணியில் மாட்டுவாய், கை தானாக இடுப்பு வெற்றிலைப் பைக்குப் போகும், உடனே கடப்பாரையை எடுத்து மூன்று தட்டு. அப்புறம்தான் வெற்றிலை. ஆடி தொடங்கித் தை வரைக்கும் ஒருநாள் தவறவில்லை. "பாறைக்கு கதவு தட்றான் பாருங்கடா, யாராச்சும் தொறங்க!" என்று நான் கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே தட்டுவாய்.

உன்னை ஒரே ஒருநாள் மறக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வேறு எந்தக் காரணமும் இல்லை. உன்மேல் கோபமாவது இருந்திருக்கலாம்.

பொங்கல் முடிந்த வாரம், கேஜ் இறங்கும் இரைச்சலில் நானே ஒரு வெற்றிலை மடித்து உன் வாய்க்கு நேரே நீட்டினேன். "இப்ப வேணாம் மச்சான், தட்டிட்டு போடறேன்" என்றாய்.

"உன் பொண்டாட்டி மடிச்சு குடுத்தா. வேணாம்னான்னு போயி சொல்லட்டுமா?"

வாயைத் திறந்தாய்.

கீழே போனதும் நம்மோடு துளை போடும் மற்ற இரண்டு பேருக்கும் கண் காட்டினேன். நீ கலயத்தை மாட்டினாய். கை இடுப்புக்குப் போகவே இல்லை. வாயில்தான் வெற்றிலை இருக்கிறதே. கடப்பாரை சுவரோரம் சாய்ந்தபடி நின்றது. நீ உட்காரப் போனாய். அப்போதே கத்தியிருக்கலாம். உட்காரட்டும், சிரிப்பு இன்னும் பெரிதாக வரும் என்று பொறுத்தேன். "மறந்துட்டியே மாப்ளே!" என்பது என் நாக்கின் நுனியில் இருந்தது. கல் முந்திக்கொண்டது.

"தட்டாம உக்காந்தான். அவன் தப்பு" என்றான் மேஸ்திரி. ஆடியிலிருந்து தட்டியவனைத்தான் அப்படிச் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து நானும் தட்டுகிறேன். எனக்கு நூல் வேண்டியிருக்கவில்லை, வேண்டுதல் வேண்டியிருக்கவில்லை. நீ அத்தனை பாடுபட்டுப் பழகியது எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. "கதவு தொறந்துச்சாண்ணே?" என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள், என் கேலியை எனக்கே திருப்பி.

அன்று மடியில் கிடந்த உன் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். என் தங்கை நல்லது கெட்டது எதற்கு வந்தாலும் ஒன்றையேதான் சொல்கிறாள். "அத்தினி நாள் தட்டினவருக்கு, அன்னிக்கு ஒரு நாள் என் நெனப்பு வரலியேண்ணா." இத்தனை வருடமாக அவளுக்கு உன்மேல்தான் கோபம். அவள் பேரைச் சொன்னதால்தான் நீ வாயைத் திறந்தாய் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடுவது என்று புறப்படுகிறேன். அவள் குடியிருக்கும் லைன் வரைக்கும் போகிறேன். வீட்டு வாசல் வரைக்கும் போகிறேன். பாறை பாறையாகத் தட்டுகிற இந்தக் கை, மாப்பிள்ளை, அந்தக் கதவை மட்டும் தட்டாமல் திரும்பி வருகிறது. இதுவும் எனக்குப் பழகிவிட்டது.