தராசு அக்காவின் சிவப்புப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் முப்பத்தொரு குழந்தைகள். எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, தாய்மாருக்குச் சொல்லி அனுப்பினேன். பதினேழு வருடமாக இதே வேலை. தூக்கிப் பார்த்தாலே நூறு கிராம் முன்னே பின்னே சொல்லிவிடுவேன். தராசு அக்கா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

தங்கை மகளுக்கு நாலு மாதம். மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தவள், இந்த மாதம் அட்டையின் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாள். வெறும் தாய்ப்பால். புட்டிப்பாலும் சேர்த்துக் கொடு என்றேன். “பிள்ளை நல்லா சிரிச்சு விளையாடுறாக்கா” என்றாள். சிரிப்பை எடை போட முடியுமா? எடை போதாது என்று சிவப்புப் புள்ளி வைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகட்டும், நல்லதற்குத்தானே சொல்கிறேன்.

மார்ச் 17

புட்டி ஆரம்பித்துவிட்டாளாம். என் பேச்சு எடுபட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

புது அட்டைகள் வந்தன. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். பழைய அட்டையின் கோடு, ஒரே வட்டாரத்துக் குழந்தைகளை அளந்து வரைந்ததாம். பெரும்பாலும் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குழந்தை முதல் சில மாதம் வேகமாக ஏறும், பிறகு நிதானமாகும். அதன் இயல்பே அதுதான். இப்போது ஆறு நாடுகளில் தாய்ப்பால் குழந்தைகளை அளந்து புதுக்கோடு போட்டிருக்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதிவேட்டை எடுத்தேன். தங்கை மகளின் பழைய எடைகளைப் புது அட்டையில் குறித்துப் பார்த்தேன். நாலு மாதமும் கோட்டோடு ஒட்டியே போகிறாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஐயோ, எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பேன்? பதினேழு வருஷமாச்சே!

ஏப்ரல் 7

தங்கையின் தையல் கடைக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மெஷினை ஓட்டியபடியே கேட்டாள். பிறகு நிறுத்தினாள்.

“ஒருத்திக்கு அளவெடுத்து இன்னொருத்திக்குத் தைச்சா, குத்தம் உடம்பு மேலயாக்கா? எனக்குப் பாலே வத்திப்போச்சு, தெரியுமா?”

வெட்கமாக இருந்தது. ஆனால் வற்றிய பாலை ஊறவைக்க எனக்குத் தெரியும். அடிக்கடி மார்பில் போட வேண்டும், புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மூன்று வாரம்தானே ஆகிறது. தினமும் வருகிறேன் என்றேன். அவள் மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 16

நாலு வேளைப் புட்டி ஒரு வேளையாகிவிட்டது. நான்தான் சொன்னேனே! — வாயை மூடு, தராசு.

கிளினிக்கில் பழைய பதிவேட்டைப் பிரித்து, சிவப்புப் புள்ளி வாங்கிய கைக்குழந்தைகளின் தாய்மாரை ஒவ்வொருவராக வரச்சொல்லியிருக்கிறேன். இன்று ஒருத்தி நன்றாகத் திட்டினாள். கேட்டுக்கொண்டேன்.

மே 5, செவ்வாய்

சீருடையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. மாலையில் தங்கை கடைக்குப் போனேன். பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு கையால் அலமாரியிலிருந்து அந்தப் பால்புட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். மேசையெல்லாம் பொத்தான்கள்.

“உனக்குப் பொருந்துறதாப் பாத்து எடுத்துக்கக்கா” என்றாள்.